வெறும் சத்து மாத்திரை

சத்து மாத்திரை சாப்பிட்டால் உடம்பு பெருக்குமா? மேலே படிக்கும் முன் உங்கள் பதிலை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். படித்துவிட்டு மாற்றிக்கொள்ளக் கூடாது.

பெருக்கும் என்பது உங்கள் பதிலானால், கேரளத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் இருக்கும் செல்வப்பிரியாவின் கால்கள் மரத்துப்போனதில் உங்களுக்கும் பங்கு உண்டு. பெருக்காது என்பது பதிலானால், அதை இதுவரை யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பேன்.

செல்வப்பிரியாவுக்கு முப்பத்தாறு வயது. கணவர் கோபிநாத்துக்குத் தோப்பும் அதையொட்டிக் கொஞ்சம் நெல் வயலும் இருக்கின்றன. மாடுகளைப் பார்த்துக்கொள்வதும், கறந்த பாலை ஸ்கூட்டரில் வைத்துச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும் செல்வப்பிரியாவின் வேலை. கலகலப்பானவர். அவரைப் பற்றி ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது அதுவல்ல. "நம்ம குண்டுப் பிரியாங்களா?" என்பார்கள்.

பள்ளிக்கூடம் போகும்போதே பருமன். பிள்ளை பெற்றபின் இன்னும் கூடியது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பந்தலுக்குள் நுழைந்ததும் ஒருவர் எழுந்து, "பிளாஸ்டிக் சேர் தாங்காது, பிரியாவுக்கு இரும்புச் சேர் கொண்டாங்கப்பா" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொள்வார். சர்க்கரை வந்தது. முழங்கால் தேய்ந்தது. பார்த்த மருத்துவரெல்லாம், "கொறச்சுச் சாப்பிடுங்க" என்றார்கள். குறைத்துத்தான் சாப்பிட்டார். உடம்பு கேட்கவில்லை. பருமன் ஒரு நோய் என்று உலகம் முழுக்க மருத்துவம் ஒத்துக்கொண்டுவிட்டது. நம் ஊரில் அது இன்னும் தின்னிப் பட்டம்தான்.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவானது. பாலக்காட்டிலோ திருச்சூரிலோ செய்திருக்கலாம். "அங்கெல்லாம் மலையாளத்துல சொல்லுவாங்க, ஒண்ணு ரெண்டு புரியாமப் போயிரும். கோயமுத்தூருன்னா நம்ம பேச்சு" என்று கோபிநாத் சொன்னார். நம்ம பேச்சை நம்பித்தான் எல்லை தாண்டிப் போனார்கள்.

ஊருக்கு உண்மை சொல்லவில்லை. பித்தப்பையில் கல் என்று சொல்லிவிட்டார்கள். தின்பதைக் கட்டுப்படுத்தத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டு வந்தாள் என்று இரும்பு நாற்காலி கொண்டுவரச் சொன்ன அதே வாய்கள் பேசும் என்று செல்வப்பிரியாவுக்குத் தெரியும்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. இரைப்பையைச் சிறு பையாக்கி, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவு போகும்படி மாற்றி இணைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கீழே வண்டி காத்துக்கொண்டிருந்தது. என்ன குடிக்கலாம், எதை மெல்ல வேண்டும், தையலை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு செவிலியர் மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தார். மாத்திரை டப்பாக்களைப் பார்த்ததும் செல்வப்பிரியாவுக்கு முகம் சுருங்கியது.

"சக்கரை மாத்தரை தின்னு தின்னே நாக்கு செத்துப்போச்சுங்க. இன்னும் இத்தனைங்களா?"

"சக்கரை மாத்திரை இனி வேண்டாம்மா. இது நோய்க்கு இல்ல. வெறும் சத்து மாத்திரைதான், பயப்படாதீங்க. லைஃப் லாங் போட்டுக்கணும், அவ்வளவுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த 'வெறும்' இருக்கிறதே, அது செல்வப்பிரியாவோடு வண்டியில் ஏறி எல்லை தாண்டி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

என்ன நடந்திருக்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். குடலை மாற்றி இணைத்தபின், சாப்பாட்டிலிருந்து சில பொருள்களை உடம்பால் போதுமான அளவு எடுத்துக்கொள்ள முடியாது. அதில் ஒன்று வைட்டமின் பி பன்னிரண்டு. தேவைப்படுவது இம்மியளவு. அந்த இம்மி தினமும் வெளியிலிருந்து வராவிட்டால், உள்ளே இருக்கும் சேமிப்பு மெல்லத் தீரும். தீர்ந்தபின் நரம்பின் மேலுறை அரிபடத் தொடங்கும். வலிக்காது, காய்ச்சல் வராது. இதை உட்காரவைத்து, நிதானமாக, ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருக்க வேண்டும். கையில் கத்தி பிடிக்கத் தெரிந்த அந்தப் பெரிய மருத்துவமனையில் அதற்கு யாருக்கும் நேரமில்லை.

வீட்டில் மாமியார் மருதாத்தாள். மருமகள் மேல் உயிரை வைத்திருப்பவர். மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மாத்தரை அம்மிணி?"

"சத்து மாத்தரைங்க அத்தை."

"ஏனம்மிணி, இளைக்கறதுக்குன்னு வவுத்த அறுத்துப்போட்டு வந்து, சத்து மாத்தரையத் தின்னா என்னாகும்? யூரியா எச்சாப் போட்டா நெல்லு என்னாகுது? கொழுத்துச் சாஞ்சு போகுதா இல்லியா?"

"நர்சம்மா தெனமும் போடச் சொன்னாங்க."

"அவளுக்கென்ன. நீ மறுக்கா பெருத்தீன்னா மறுக்கா அறுப்பாங்க."

கோபிநாத் சிரித்தார். செல்வப்பிரியாவும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை, மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். எடை மளமளவென்று இறங்கியது. பழைய ரவிக்கைகள் மறுபடி பொருந்தின. ஒரு கல்யாணத்தில் யாரும் சொல்லாமலே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அது முறியவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதார்.

பிறகு ஒரு மாதம் எடை நகரவில்லை. இந்தச் சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் இடையில் அப்படி ஒரு நிறுத்தம் வரும், தானாக விலகும். இதையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. எடைக் கருவியின் மேல் மறுபடி மறுபடி ஏறிப் பார்த்தார். மாமியார் சொன்னது காதில் ஒலித்தது. மாத்திரையை நிறுத்தினார். சில வாரங்களில் எடை மறுபடி இறங்கியது.

இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று நம்புகிறோம். பூனை குறுக்கே போனது, பேருந்து தவறிவிட்டது. ஊரையே ஆட்டிவைக்கும் இந்தத் தவறான கணக்கு, செல்வப்பிரியாவின் வீட்டில் மாத்திரை டப்பாவைக் குப்பைக்கு அனுப்பியது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவரே நிறுத்தினார். இரும்பு நாற்காலிக்குத் திரும்பிப் போய்விடுவோமோ என்ற பயம் நிறுத்தியது. அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமனையிலிருந்து பரிசோதனைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அறுவடை நேரம், மாடு கன்று போடும் நேரம் என்று தள்ளிப்போட்டார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது. பிறகு அழைப்பும் நின்றது. பொள்ளாச்சி போகும் வழியில் அந்த மருத்துவமனையின் விளம்பரப் பலகை ஒன்று நிற்கிறது. முன், பின் என்று இரண்டு படங்கள். பின்னுக்குப் பிறகு என்ன ஆனது என்று காட்ட அந்தப் பலகையில் இடமில்லை.

அடுத்து முடி கொட்டியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த பெண் ஜின்சி, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மலையாளி. கண்ணாடி அலமாரியில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தது. விழுங்குவது, சப்புவது, தண்ணீரில் கரைப்பது, பெண்களுக்கு என்று தனியாக, ஐம்பது தாண்டியவர்களுக்கு என்று தனியாக. எழுத்து முழுக்க ஆங்கிலம். கோபிநாத் கைபேசியில் தேடிப் பார்த்தார். எடை கூட்டும் மாவுக்கும் எடை குறைக்கும் மாவுக்கும் ஒரே பெண் சிரித்துக்கொண்டு விளம்பரம் செய்தாள். எதை எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இது எல்லாம் சேர்ந்த மல்ட்டி வைட்டமின், சேச்சி. எடுக்கட்டே?" என்றாள் ஜின்சி.

"இதுல சத்து இருக்குதுங்களா?"

"உண்டல்லோ. நல்ல சத்து."

"அப்ப வேண்டாங்க. சத்து இல்லாததாப் பாத்துக் குடுங்க."

ஜின்சி வாய்விட்டுச் சிரித்தாள். "சத்தில்லாத வைட்டமினோ? அது எங்கயும் கிட்டாது சேச்சி."

கடைசியில் செல்வப்பிரியாவின் கை, கரடிக்குட்டி வடிவில் சிவப்பாக இருந்த ஜெல்லி டப்பாவில் போய் நின்றது. மேலே நீளக் கூந்தலோடு ஒரு பெண் படம். முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு. சத்துக்கு என்று எதுவும் இல்லை. இனிப்பாக வேறு இருக்குமாம்.

"ஆபரேஷன் ஏதாச்சும் கழிஞ்ஞதா சேச்சி? சில ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி முடி போகும்" என்று ஜின்சி கேட்டாள்.

பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் இருமல் மருந்துக்கு நின்றிருந்தார்.

"பித்தப்பைக் கல்லுங்க" என்றார் செல்வப்பிரியா.

"அது சாரமில்ல, பயப்பட வேண்டாம். தினம் ரெண்டு கழிக்கணும், கேட்டோ."

"எங்க கணக்குல கழிச்சா கொறையுமுங்க" என்றார் கோபிநாத்.

மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. எல்லையில் இருப்பவர்கள் பல முறை சிரித்துத் தேய்ந்துபோன சிரிப்பு. அன்றும் மூவரும் சிரித்தார்கள். செல்வப்பிரியா தினமும் இரண்டு கரடிக்குட்டிகளைச் சப்பினார். வைட்டமின் எடுத்துக்கொள்கிறோம் என்றே நம்பினார்.

இரண்டாம் வருடம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பினார். வரிசையில் நின்றிருந்த கமலாத்தாள் என்ற பக்கத்துத் தோட்டத்துக்காரர் குரல் கொடுத்தார்.

"ஏ பிரியா, ஒத்தக் காலுக்கு மட்டும் செருப்புப் போடறது புதுப் பேசனா?"

"இளைச்சதுல செருப்பும் பெருசாப் போச்சாட்டிருக்குது" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வப்பிரியா குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. படிக்கட்டிலேயே கழன்று கிடந்தது. அங்கிருந்து ஜல்லி மேல் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறார். கட்டைவிரல் கிழிந்து ரத்தம் மண்ணோடு அப்பியிருந்தது. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆனாலும் சிரித்தார். "ஆமாங்கக்கா, நாளைக்கு இன்னொண்ணையும் உட்டுட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அதன்பின் தரை பஞ்சு மாதிரி இருந்தது. வரப்பில் நடக்க முடியவில்லை. தொட்டியடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்தார். ஒரு முறை நெற்றி உடைந்தது.

"கண்ணு பட்டிருச்சு. இளைச்சு நீ கலரா ஆனதைப் பாத்து ஊரே வயிறெரியுது" என்றார் மருதாத்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். வீடு முழுக்க இருமியது. தரை மட்டும் பஞ்சாகவே இருந்தது. ஊரிலிருந்த மருத்துவர், பழைய சர்க்கரைதான் நரம்பைப் பிடித்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார். அவரிடமும் பித்தப்பைக் கல் என்றே சொல்லியிருந்தார்கள். மாதங்கள் போயின.

கைத்தாங்கலாகப் பாலக்காட்டுக்குக் கூட்டிப் போனபோது, அரசு ஆசுபத்திரியின் நரம்பு மருத்துவர் முதலில் அவரை நிற்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். செல்வப்பிரியா சரிந்தார். மருத்துவர் தயாராக இருந்து பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

"பித்தப்பைக் கல்லு..." என்று கோபிநாத் தொடங்கினார்.

"இல்லீங்க டாக்டர். இளைக்கறதுக்குப் பண்ணுனோம்" என்றார் செல்வப்பிரியா.

அந்த அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். முதல் தடவையாக அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. செருப்பு கழன்ற நாளிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

வைட்டமின் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். பையிலிருந்து கரடிக்குட்டி டப்பா வெளியே வந்தது. அதைப் படித்துப் பார்த்து மேசைமேல் வைத்தார். திட்டவில்லை.

"இது மிட்டாய் மாதிரிதான் அம்மா. உங்களுக்கு வேண்டியது இதில் இல்லை. ஊசி ஆரம்பிக்கலாம்."

"கால் பழையபடி வந்திருமுங்களா?"

"கொஞ்சம் வரும். எவ்வளவுன்னு யாராலும் சொல்ல முடியாது. செருப்பு கழன்ற அன்னைக்கே வந்திருந்தா..." மருத்துவர் ஊசிக்குச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

ஊசிகள் போடப்பட்டன. வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் வந்தது. கை விரல்கள் வரை ஏறியிருந்த மரமரப்பு விலகியது. கால்கள் அப்படியே இருக்கின்றன. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து, பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தால் நடக்கலாம். இருட்டில் நடக்க முடியாது. ஸ்கூட்டர் கொட்டகையில் நிற்கிறது. பாலைக் கோபிநாத் கொண்டுபோகிறார்.

போன மாதம் தோப்பில் தென்னைக்கு டானிக் கட்டிக்கொண்டிருந்தார் அவர். அந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். மரத்தடியில் மண்ணைப் பறித்து, இளவேர் ஒன்றைச் சாய்வாகச் சீவி, டானிக் ஊற்றிய சிறு பாலிதீன் பைக்குள் விட்டுக் கட்டிவிட வேண்டும். வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். செல்வப்பிரியா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு எந்த நாற்காலியும் தாங்கும்.

மருதாத்தாள் வந்து, மகனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏஞ்சாமி, இத்தனை ஊசி போடறாங்களே. மறுக்கா உடம்பு வெச்சிறாதில்ல?"

கோபிநாத் கையிலிருந்த கட்டாத பையைத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, வருசா வருசம் இந்த டானிக்குக் கட்டறமே. மரம் பெருத்துதா?"

"மரம் எங்கடா பெருக்குது? குரும்பை கொட்டாம நிக்கும்."

"கட்டாட்டி?"

"கட்டாட்டிக் கொட்டிப்போகும். மரம் பாக்க நல்லாத்தான் இருக்கும், காய் நிக்காது. இதென்ன கேள்வி?"

"அவளுக்குக் குடுத்த மாத்தரையும் இதேதாம்மா."

மருதாத்தாள் மருமகளின் கால்களைப் பார்த்தார். பிறகு மரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தென்னைக்கு என்ன வேண்டும் என்று கோபிநாத்துக்குத் தெரியும். உரம் வேறு, நுண்ணூட்டம் வேறு என்று வேளாண் அலுவலகத்துக்காரர் தோப்புக்கே வந்து, தமிழில், பொறுமையாக, பையைக் கட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார். வெறும் உரம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இவரும் யூரியாக் கணக்கில்தான் போட்டிருப்பார். தென்னை மரத்துக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரம் செல்வப்பிரியாவுக்குக் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதித்து என்ன செய்ய? அரிபட்ட நரம்பு என் கோபத்தால் வளராது.

"மரத்துக்குத் தெரிஞ்சுது பிரியா எனக்கு" என்றார் கோபிநாத்.

"உடுங்க. நானுந்தான் பயந்து நிறுத்துனேன்."

எழுந்து வீட்டுக்குப் போக ஊன்றுகோலைப் பிடித்தார். எழுந்தவர் அசையாமல் நின்றார். புடவைக் கொசுவம் பாதத்தை மறைத்திருந்தது. குனிந்தால் விழுந்துவிடுவார்.

"ஏனுங்க, செத்தப் பாருங்க. என்ற கால் செருப்புக்குள்ள இருக்குதுங்களா?"

இல்லை. கோபிநாத் மண்டியிட்டு மாட்டிவிட்டார்.

இனி உங்கள் முறை. உங்கள் சொந்தத்தில், தெருவில், வேலை செய்யும் இடத்தில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவராவது இருப்பார். பித்தப்பைக் கல் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தால் உண்மையைச் சொல்வார். எத்தனை கிலோ இளைத்தாய் என்று கேட்காதீர்கள். மாத்திரை போடுகிறாயா, எந்த மாத்திரை, அறுவை செய்த மருத்துவர் சொன்னதுதானா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், கூடவே கிளம்பி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நீங்கள் செவிலியராக இருந்தால், நாளைக் காலை முதல் நோயாளியிடம் 'வெறும்' என்று சொல்லாதீர்கள். மருந்து என்று சொல்லுங்கள், ஆயுள் முழுக்க என்று தமிழில் சொல்லுங்கள், நிறுத்தினால் கால் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காமல், இதைக் கீழே வைத்ததும் அந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.